தவறணைக்கு வைத்த மீசை

காத்தமுத்துவின் மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கல்லுமலைத் தோட்டத்தில் அதுபோல இன்னொன்று கிடையாது. றக்வானை பஸ்ஸில் அவன் ஏறினால் சிங்களக் கண்டக்டர்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டிக்கட் கிழிப்பான். பன்னிரண்டு வருஷமாக அவனுக்கு ஸ்டோரில் வேலை. கொழுந்தை வாட்டி அரைத்துத் தூளாக்கும் கட்டடத்தைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். நாள் முழுக்க மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவனுடைய மீசையில் தேயிலைத் தூள் தங்காமல் என்ன செய்யும்? மாலையில் அவன் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வரும்போது மீசை பழுப்பு நிறத்தில் இருக்கும். பெண்டாட்டி ஜெயம்மா அதை முந்தானையால் தட்டிவிட்டு, "ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணிக்குத் தாராளமா காணும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் ஸ்டோர் குழாயில் முகம் கழுவாமலே வருகிறான் என்பது அவளுக்குத் தெரியாது. அவனும் சொன்னதில்லை. அவன் வாயைத் திறந்து எதைத்தான் சொல்லியிருக்கிறான்!

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அந்தச் சிரிப்புக்கு ஆபத்து வந்தது. அது கொழும்பிலிருந்து, தோளில் ஒரு பேக்கை மாட்டிக்கொண்டு, அழகமுத்து என்ற பெயரில் வந்தது.

அழகமுத்து ஜெயம்மாவின் அத்தை மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் குசினி வேலைக்குப் போனவன், இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று காகிதம் போட்டே மூன்று தீபாவளியைக் கடத்திவிட்டான். பொறுத்துப் பார்த்த ஜெயம்மாவின் அப்பா, அடுத்த லயத்துக் காத்தமுத்துவுக்கு அவளைக் கொடுத்துவிட்டார். அதற்கும் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது கொழும்பில் பட்டாளத்தின் சுற்றிவளைப்பில் இரண்டு தடவை பிடிபட்டு, அடையாள அட்டையை நீட்டி நீட்டிக் கை சலித்துப்போய், அழகமுத்து தோட்டத்துக்கே திரும்பிவிட்டான். கலியாணம் கட்டவில்லை. தங்குவதற்கு அவனுக்குக் கிடைத்த காம்பரா எது தெரியுமா? காத்தமுத்துவின் லயத்தில், கடைசிக் காம்பரா.

ஒரே பெண்ணுக்கு முறையான இரண்டு ஆண்கள் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி என்பது நம் சனங்களின் சட்டம். ஆகவே அழகமுத்து அவனை வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிட்டான். காத்தமுத்துவும் பல்லைக் கடித்துக்கொண்டு "தம்பி" என்றான்.

அந்த லயத்துக்கு ஒரே பீலி. மலையில் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிவிட்டிருக்கும் இடம். மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் மாலையில் அங்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அழகமுத்து தனி ஆள் என்பதால் அவனும் வாளியோடு வந்து நிற்பான். நின்றவன் சும்மா நின்றிருந்தால் கதை இல்லை. அவன் இங்கிலீஷ் சொற்களின் பூர்வீகம் சொல்ல ஆரம்பித்தான்.

"பெரட்டு, பெரட்டுன்னு காலையில ஓடுறீங்களே, பெரட்டுன்னா என்னா?" என்று கேட்பான்.

காலையில் கண்டாக்கையா என்ற மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குத்தான் பெரட்டு என்று பெயர். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"கண்டாக்கையா நம்மள பெரட்டி எடுக்கிறாரே, அதனால பெரட்டு" என்பாள் கோகிலா. அவள் வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்.

"அதான் இல்ல. பரேட்! பட்டாளத்தில வரிசையா நிப்பாங்கள்ல, அந்தப் பரேட்டு. நம்ம தாத்தாமாருக வாயில பெரட்டு ஆயிருச்சி. லயம்னா லைன். கொந்தரப்புன்னா கொன்ட்ராக்ட். ஒங்க கண்டாக்கையாவும் தமிழ் இல்ல, கண்டக்டர்!"

"பஸ்ஸில டிக்கட் கிழிக்கிறவனா?" என்று கோகிலா கேட்க, பீலியே சிரித்தது. எல்லாருக்கும் மேலாக ஜெயம்மாவின் சிரிப்பு கேட்டது. ஸ்டோரிலிருந்து வந்துகொண்டிருந்த காத்தமுத்துவுக்கு அது பாதையிலேயே கேட்டது. மீசையில் தூளோடு அவன் அப்படியே நின்றுவிட்டான்.

வீட்டுக்கு வந்த ஜெயம்மா மீசையைத் தட்டிவிடவில்லை. குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "ஏங்க, இது தெரியுமா ஒங்களுக்கு? பெரட்டுன்னா பரேட்டாம்!" என்றாள்.

"தெரிஞ்சி என்னா ஆவப்போவுது? கொழுந்து நிறுவை கூடிருமா?"

அவள் முகம் சுருங்கியது. அதைப் பார்த்து அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயில் அதற்கு மேல் நல்லதாக ஒன்றும் வரவில்லை.

இப்படியே ஒவ்வொரு நாளும் ஒரு சொல் அவன் காம்பராவுக்குள் நுழைந்தது. ரொட்டி தட்டும்போது ஒன்று, மகள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது ஒன்று. எல்லாம் "அழகு அத்தான் சொன்னாரு" என்றுதான் தொடங்கும். காத்தமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் பரேட்டும் லைனும் அவன் நெஞ்சின் மேல் ஏறி நடந்தன. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவன் தயாராக இல்லை. நெஞ்செரிச்சல் என்று சொல்லித் தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மருந்து வாங்கிக் குடித்தான்.

ஒரு நாள் அவள் சொன்ன சொல் மருந்துக்கும் அடங்கவில்லை.

"ஏங்க, ஸ்டோர்னா சாமான் போட்டு வைக்கிற எடமாம். அரைக்கிற எடத்துக்குப் பேரு பெக்டரியாம். 'ஒங்க வீட்டுக்காரரு அங்க வேலை செய்றாரா, இல்லாட்டி மூட்டையோட மூட்டையா அடுக்கி வச்சிருக்காங்களா'ன்னு அத்தான் கேட்டாரு. கோகிலாவுக்குச் சிரிச்சி சிரிச்சி பொரையே ஏறிருச்சி."

"ஒனக்கு?"

"எனக்கென்னா?"

"நீ சிரிச்சியா?"

ஜெயம்மா அடுப்பை ஊதினாள். "சிரிப்பு வந்திச்சி, சிரிச்சேன்" என்றாள்.

மறுநாள் காத்தமுத்து முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு நேரே பீலிக்குப் போனான். வேறு ஆம்பிளைகள் அந்த நேரத்தில் அங்கே வருவதில்லை என்பதால் பெண்கள் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார்கள். அழகமுத்து வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான்.

"வாங்கண்ணே. தவறணையப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அதுவும் இங்கிலீஷ்தான். டேவர்ன்."

சாராயம் விற்கும் இடமான தவறணையை அவனிடமிருந்தே காப்பாற்ற வேண்டிய நிலைமை தனக்கு வரும் என்று காத்தமுத்து நினைத்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு அவன் காரமாக இருந்தான்.

"அது சுத்தத் தமிழ்" என்றான். "தவறு பண்ணுனவன அணைச்சிக்கிற எடம். தவறு, அணை. தவறணை. தமிழு தெரியாதவனுக்கெல்லாம் எதைக் கண்டாலும் இங்கிலீஷு."

கோகிலா கைதட்டினாள். உண்மையைச் சொன்னால் அந்த விளக்கம் அங்கிருந்த எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஜெயம்மாவின் உதட்டோரத்தில்கூட ஏதோ அசைந்தது. அதைப் பார்த்ததும் காத்தமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அழகான கதைதாண்ணே. ஆனா சரியில்லை" என்றான் அழகமுத்து, சிரித்தபடியே.

"சரியில்லையா? பந்தயம்! தவறணை இங்கிலீஷ்னு பொஸ்தகத்தில இருந்திச்சின்னா, இந்த மீசைய எடுத்துப்புடுறேன்."

ஜெயம்மா, "என்னாங்க இது, பைத்தியமா?" என்றாள். அவன் காதில் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை றக்வானைக்குப் போய்ப் புத்தகத்தில் பார்த்து வருவதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

றக்வானையில் கபூர் முதலாளியின் புடைவைக் கடைக்குத்தான் கல்லுமலைத் தோட்டமே கடனுக்குத் துணி எடுக்கப் போகும். அவருடைய மகள் நுஸ்கா இரத்தினபுரியில் இங்கிலீஷில் படிக்கிறாள். அவளிடம் செங்கல் கனத்தில் ஒரு அகராதி இருந்தது. சொல்லுக்குப் பொருள் மட்டுமல்ல, அந்தச் சொல் எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்பதையும் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

நுஸ்கா பக்கத்தைப் புரட்டினாள். காத்தமுத்து மீசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். இருக்கிறது என்பதை அவர்கள் வீட்டில் ஈக்கி என்பார்கள்.

"ஈக்கி மாமா. டேவர்ன். குடிக்கிற எடம். லத்தீன்ல இருந்து பிரெஞ்சுக்கு வந்து, அங்க இருந்து இங்கிலீஷுக்கு வந்தீக்கி. தொடக்கத்தில அதுக்குக் குடிசை, கடை என்ட கருத்து."

"தமிழுன்னு எங்கயாவது ஓரத்தில போட்டிருக்காம்மா?"

"இல்ல மாமா. போர்த்துக்கீசுக்காரங்கட பாஷையிலயும் இதே சொல்லு ஈக்கிதாம். எங்கட ஆக்களுக்கு அவங்ககிட்ட இருந்து வந்தீக்கவும் ஏலும்."

யாரிடமிருந்து வந்தால் என்ன, காத்தமுத்துவிடமிருந்து வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்ட நுஸ்கா, "மாமா, தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போன சொல்லும் ஈக்கி. இதோ பாருங்க, சுருட்டு! வெள்ளக்காரன் அத ஷெரூட் என்டு செல்லுறான்" என்றாள்.

நல்ல சொல். கையில் கிடைத்த நல்ல ஆயுதம். தவறணையை ஒப்புக்கொண்டு, சுருட்டை எடுத்து வீசியிருந்தால் பீலியில் அவனுக்கும் கைதட்டு கிடைத்திருக்கும். சுருட்டோடு அவன் பஸ் ஏறியிருந்தால் மீசை போனாலும் மானம் தப்பியிருக்கும். கெட்ட நேரம், துணி மடித்துக்கொண்டிருந்த கபூர் முதலாளி வாயைத் திறந்தார்.

"யாரோட பந்தயம்? யாரு ஒங்கட ரைவல்?"

"அப்படின்னா?"

"கிரிக்கெட் கொமென்ட்ரியில செல்லுவானே. எதிராளி. போட்டிக்கு நிக்கிறவன்."

அந்தச் சொல் அவனுக்கு உடனே பிடித்துவிட்டது. அழகமுத்துவுக்கு அவன் மனதில் இதுவரை வைத்திருந்த பெயர்கள் எதுவும் சபையில் சொல்லக்கூடியதல்ல. "அது எங்க பொறந்திச்சின்னு பாரும்மா" என்றான்.

நுஸ்கா தேடி எடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டாள். "இதுவும் லத்தீன் மாமா. ஓடையில இருந்து வந்தீக்கி. ஒரே ஓடையில தண்ணி எடுக்கிறவங்க. அவங்களுக்குள்ள தண்ணிக்குச் சண்ட வரும்தானே? அதுதான் ரைவல்."

காத்தமுத்துவுக்கு உடம்பு புல்லரித்தது. ஒரே ஓடை. ஒரே பீலி. இந்த லத்தீன்காரன் யாரோ, கல்லுமலைத் தோட்டத்துக் கடைசி லயத்தில் குடியிருந்துதான் இந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு, ரைவல், ரைவல் என்று மறந்துவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தான். சுருட்டு எந்த வளைவில் நழுவி விழுந்ததோ தெரியாது.

அன்று மாலை பீலியில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். அவன் மீசையைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

"என்னாண்ணே, பொஸ்தகம் என்னா சொல்லுச்சி?" என்று அழகமுத்து கேட்டான்.

"கபூர் முதலாளி கடை பூட்டிக் கெடந்திச்சி" என்றான் காத்தமுத்து. பொய். கண்ணைச் சிமிட்டாமல் சொன்ன பொய். "ஆனா பஸ்ஸில ஒரு படிச்ச மனுசன் ஒரு சொல்லு சொன்னாரு. நீ கொழும்பில பன்னெண்டு வருசம் இருந்தவனாச்சே. ரைவல்னா என்னா, சொல்லு பாப்பம்."

"எதிரி மாதிரிண்ணே. போட்டிக்காரன்."

"அது பொருளு. பூர்வீகம்?"

அழகமுத்து தலையைச் சொறிந்தான். "தெரியலைண்ணே" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதைக் கேட்க காத்தமுத்து எத்தனை நாள் காத்திருந்தான்! நெஞ்செரிச்சல் ஒரே மூச்சில் ஆறியது. அவன் பெண்கள் பக்கம் திரும்பினான். ஜெயம்மாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

"ஒரே பீலியில தண்ணி எடுக்கிறவங்க. ரெண்டு பேரு, ஒரு பீலி. ஒருத்தன் எடுக்கிற தண்ணி இன்னொருத்தனுக்கு இல்லாமப் போயிரும். அவன்தான் ரைவல். இந்த லயத்தில யாருக்கு யாரு ரைவல்னு நான் சொல்லத் தேவையில்ல."

சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அழகமுத்துவின் முகம் கறுத்துத் தலை குனிந்தது. கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு சிரிப்பாவது வரும் என்று காத்தமுத்து காத்திருந்தான். அதற்குப் பதிலாக ஜெயம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"அப்ப நான் யாருங்க?" என்றாள்.

"என்னா?"

"நீங்க ஒரு ஆளு. அத்தான் ஒரு ஆளு. நடுவில நான் யாரு? தண்ணியா?"

அவன் கை தானாக மீசைக்குப் போனது.

"வந்தவன் போனவன் எல்லாம் குடத்த வச்சிப் புடிச்சிக்கிட்டுப் போறதுக்கு நான் பீலித் தண்ணியா? ஒம்பது வருசமா ஒங்களுக்கு ஆக்கிப் போட்டது தண்ணியா? நான் சிரிச்சா அது எந்த வாளியில விழுதுன்னுதான் இத்தன நாளா பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

அவள் வெறும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர் அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை காத்தமுத்து எழுந்தபோது இரண்டு குடமும் வாசலில் இருந்தன. ஜெயம்மா கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எடுக்கலையா?"

"நான் எடுத்தா எப்படி? பீலி ஒங்க ரெண்டு பேருக்கும்தானே. நீங்களே எடுத்துக்கங்க" என்றாள். நின்று, திரும்பி, இதையும் சொன்னாள்: "வீட்டில ஒரு வார்த்த பேச ஆளில்ல. பேசுறவரு பக்கத்தில நின்னு கேட்டேன். பேச்சுதான் புடிச்சிச்சி. ஆள இல்ல. அது தெரியாம இங்கிலீஷு தேடி றக்வானைக்குப் போனீங்களே!"

மூன்று நாள் அவள் வேறு பேச்சே பேசவில்லை. மூன்று நாளும் காத்தமுத்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகப் பெண்கள் நடுவில் நின்றான். குடம் இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் அவமானமாக இருந்தது. நான்காம் நாள் விடியலில் பீலியில் அழகமுத்துவும் அவனும் மட்டுமே இருந்தார்கள். சொற்களின் பூர்வீகத்தை அழகமுத்து அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிட்டிருந்தான். இரண்டு பேரும் தண்ணீர் நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி" என்றான் காத்தமுத்து. "தவறணை ஒன் பக்கம்தான். தமிழ் இல்ல. கபூர் கடை தொறந்துதான் இருந்திச்சி."

அழகமுத்து நிரம்பிய வாளியை நகர்த்தி வைத்தான். பிறகு, "விளையாட்டுக்குச் சொன்னதுதானேண்ணே. மீசைய விடுங்க" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அந்த நல்ல குணத்தைப் பார்த்ததும் அடங்கிக் கிடந்த எரிச்சல் காத்தமுத்துவுக்கு மறுபடி ஏறியது. இவன் போட்ட பிச்சையை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு எத்தனை நாள் நடப்பது? வீட்டுக்கு வந்து, கண்ணாடித் துண்டைச் சுவரில் சாத்தி, பிளேடை எடுத்தான்.

அன்று மாலை ஸ்டோரிலிருந்து வந்தவனை மகளுக்கே அடையாளம் தெரியவில்லை. ஜெயம்மா அடுப்படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். வெறும் உதடு. அதற்கு மேலே, பன்னிரண்டு வருஷம் வெயில் படாத வெள்ளைத் தோல். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் பதறிப்போய் அருகில் வந்தான்.

"பொஸ்தகத்தில இருந்திச்சி. அன்னைக்கு நான் சொன்னது பொய்யி" என்றான். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் தானாக வந்து சொன்ன முதல் சேதி அதுதான். சொன்ன பிறகு இன்னும் ஒன்று வந்தது. "ஸ்டோர் குழாயில நான் மொகம் கழுவாம வருவேனே, அது எதுக்குன்னு தெரியுமா?"

ஜெயம்மா திரும்பினாள். அழவில்லை. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையை எடுத்து அந்த வெறும் உதட்டைத் துடைத்தாள். "இனிமே சாயத்துக்குத் தூளு எங்கேருந்து வரும்?" என்றாள்.

அந்தச் சிரிப்பு யாருக்கு என்று அவன் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. தைரியம் வந்து, "நாளைக்கித் தண்ணி?" என்று கேட்டான்.

"அது நீங்கதான்" என்றாள் ஜெயம்மா. குடங்கள் இரண்டும் வாசலில்தான் இருந்தன.

மறுநாள் விடியும் முன்னமே எழுந்து, அழகமுத்துவின் காம்பராக் கதவு இன்னும் சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, காத்தமுத்து ஓடிப்போய்த் தன் குடத்தை முதலில் வைத்தான்.